கணப்பு முகப்பு: இங்கிலாந்து வீடுகளில் பொருளும் பாணியும்

கணப்பு முகப்பு என்பது வீட்டுச் சுவரில் அமைந்த கணப்பின் வாயைச் சுற்றி நிறுவப்படும் சட்டகம். குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்குவதற்காகச் சுவருக்குள் நெருப்பு மூட்டும் குழியைக் கணப்பு என்பர். இருபுறத் தூண்கள், அவற்றின் மேல் கிடக்கும் உத்திரம், உத்திரத்தின் மேல் நீளும் தட்டு, நெருப்பின் வாயை ஒட்டிய உள்விளிம்பு, முன்னால் தரையில் பதித்த கல் ஆகியவை சேர்ந்து முகப்பாகின்றன.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 900 ஆண்டுகளாக இம்முகப்பு கல், மரம், பளிங்கு, வார்ப்பிரும்பு, சிலேட்டு, பீங்கான் ஓடு, செங்கல் எனப் பல பொருள்களில் செய்யப்பட்டு வந்துள்ளது. இம்மாற்றங்களை அழகுணர்ச்சியின் வரலாறாக மட்டும் எழுதுவது வழக்கம். ஆனால் எரிபொருள், தீப்பாதுகாப்பு, விலை ஆகிய மூன்றும் முதலில் மாறின. பாணி அவற்றின் பின்னால் வந்தது.

நடுக்கூடத்திலிருந்து சுவருக்கு

இடைக்கால இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு எரிந்தது. புகை கூரை இடுக்குகள் வழியாக வெளியேறியது. கென்ட் மாவட்டத்தின் பென்ஷர்ஸ்ட் மாளிகையில் 14-ஆம் நூற்றாண்டுக் கூடமும் அதன் நடு அடுப்பும் இன்றும் உள்ளன. நடுவில் எரியும் நெருப்புக்கு முகப்பு தேவைப்படவில்லை.

நார்மன் கோட்டைகளின் தடித்த கற்சுவர்களில் நெருப்பைச் சுவருக்குள் வைக்கும் முறை 11, 12-ஆம் நூற்றாண்டுகளிலேயே காணப்படுகிறது. கோல்செஸ்டர் கோட்டையில் அத்தகைய கணப்புகள் உள்ளன. சாதாரண வீடுகளுக்கு அது வந்துசேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. செங்கல் பரவலாகக் கிடைத்த 16-ஆம் நூற்றாண்டில்தான் புகைபோக்கிகள் பெருகின. தம் இளமைக்காலத்துக்குப் பின் ஊரில் புகைபோக்கிகள் மிகுந்துவிட்டதை முதியவர்கள் வியந்து பேசியதாக வில்லியம் ஹாரிசன் 1577-ல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அக்காலக் கணப்பில் எரிந்தது விறகு. நீண்ட கட்டைகளைக் கிடத்த வேண்டியிருந்ததால் வாய் அகலமாக இருந்தது. உழவர் வீடுகளில் வாயின் மேல் ஒரு பெரிய ஓக் உத்திரம் கிடந்தது. செல்வர் வீடுகளில் தட்டையான வளைவுடன் செதுக்கிய கல் முகப்பு அமைந்தது. டெர்பிஷயரில் 1590-களில் கட்டப்பட்ட ஹார்ட்விக் மாளிகையில் அலபாஸ்டர் என்னும் மென்கல்லாலும் கருங்கல்லாலும் ஆன பெரிய முகப்புகள் உள்ளன. கல் எளிதில் கிடைத்த வட்டாரத்தில் கல்லும், இல்லாத இடத்தில் மரமும் செங்கல்லும் பயன்பட்டன. வண்டியில் கல் ஏற்றி வருவது பெருஞ்செலவு என்பதால் பெரும்பாலோருக்கு உள்ளூர்ப் பொருளே வாய்த்தது.

வரியும் தீயும்

1662-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கணப்பு வரியை விதித்தது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். வரியாளர்கள் வீட்டுக்குள் நுழைந்து கணப்புகளை எண்ணியதை மக்கள் வெறுத்தனர். வரியைத் தவிர்க்கச் சிலர் கணப்புகளை அடைத்தனர். 1689-ல் வரி நீக்கப்பட்டது. எத்தனை கணப்பு என்பது ஒரு வீட்டின் செல்வத்துக்கு அளவுகோலாயிற்று. அன்றைய வரிப் பட்டியல்களைக் கொண்டு வரலாற்றாய்வாளர்கள் இன்றும் ஊர்களின் ஏற்றத்தாழ்வுகளைக் கணக்கிடுகின்றனர்.

1666-ல் லண்டன் பெருந்தீயில் மரவீடுகள் நிறைந்த நகரின் பெரும்பகுதி அழிந்தது. 1667-ல் இயற்றப்பட்ட மறுகட்டுமானச் சட்டம் வெளிச்சுவர்களைச் செங்கல்லால் அல்லது கல்லால் கட்ட வேண்டும் என்றது. நெருப்பையும் மரத்தையும் பிரித்து வைக்கும் எண்ணம் கட்டடக்கலையில் வேரூன்றியது. முகப்பின் உள்விளிம்பு இவ்வகையில் முதன்மை பெற்றது. வெளிச்சட்டம் மரமாக இருந்தாலும் நெருப்பின் வாயை ஒட்டிச் சில அங்குல அகலத்துக்குக் கல் அல்லது பளிங்குப் பட்டை பதிக்கப்பட்டது. பார்வைக்கு அணிபோலத் தோன்றும் இப்பட்டை உண்மையில் தீத்தடுப்பு.

நிலக்கரியும் சுருங்கிய வாயும்

விறகு அரிதாகி விலை ஏறியபோது லண்டன் நிலக்கரிக்கு மாறியது. நியூகாசில் பகுதியிலிருந்து கப்பலில் வந்த கரி 17-ஆம் நூற்றாண்டில் நகரின் முதன்மை எரிபொருளாயிற்று. கரி தரையில் கிடந்தால் நன்றாக எரியாது. அடியிலிருந்து காற்று வேண்டும். ஆகவே இரும்புக் கம்பிக் கூடை கணப்புக்குள் வந்தது. கரி நெருப்பு விறகைவிடச் சிறிய இடத்தில் மிகுந்த வெப்பம் தருவதால் பெரிய வாய் தேவையற்றதாயிற்று. வாய் சுருங்கச் சுருங்கச் சுற்றியுள்ள சட்டகத்துக்கு இடம் கிடைத்தது. 18-ஆம் நூற்றாண்டின் நேர்த்தியான முகப்புகளுக்கு இந்தச் சுருக்கமே வழிவிட்டது.

பளிங்கும் அதன் மாற்றுகளும்

18-ஆம் நூற்றாண்டில் செல்வர் மாளிகைகள் இத்தாலியின் கராரா வெண்பளிங்கை விரும்பின. பண்டைய ரோமானியக் கோயில் முகப்பின் தூண், உத்திரம், மாலை, பூச்சாடி ஆகியவை கணப்பைச் சுற்றிச் சிறிய அளவில் செதுக்கப்பட்டன. ராபர்ட் ஆடம் இப்பாணியை மெல்லிய, தட்டையான அணிகளோடு வளர்த்தெடுத்தார். இத்தாலியக் கலைஞர் பிரானேசி 1769-ல் ரோமில் வெளியிட்ட வடிவமைப்பு நூல் எகிப்திய உருவங்களைக்கூடக் கணப்பு முகப்பில் ஏற்றிக் காட்டியது.

பளிங்கு வாங்க முடியாதோர்க்கு மாற்றுப்பொருள்கள் தோன்றின. பைன் மரச் சட்டத்தில் சுண்ணத்தூள், பிசின், ஆளிவிதை எண்ணெய், வச்சிரப்பசை கலந்த மாவை அச்சில் அழுத்தி எடுத்த பூவேலைகள் ஒட்டப்பட்டன. மேலே வண்ணம் பூசியதும் செதுக்குவேலை போலவே தோன்றியது. லண்டன் லாம்பெத்தில் 1769 முதல் எலினார் கோட் நடத்திய ஆலை, களிமண் கலவையைச் சுட்டுச் செயற்கைக் கல் செய்தது. ஒரு பெண் தொழில் நடத்துவது அரிதாக இருந்த காலத்தில் அவருடைய கல் அரச மாளிகைகள் வரை சென்றது. ஒரே அச்சிலிருந்து பல படிகள் எடுக்க முடிந்ததால் மாளிகையின் பாணி நடுத்தர வீட்டுக்கும் எட்டியது.

ரம்ஃபோர்டு பிரபுவின் திருத்தம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்த அறிவியலாளர் பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு எனப்பட்டார். 1790-களில் லண்டன் கணப்புகளை ஆராய்ந்த அவர், வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாவதைக் கண்டார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை ஏறும் கழுத்தை ஒடுக்கினால் அறைக்குள் வெப்பம் மிகும், புகையும் திரும்பாது என்று 1796-ல் எழுதினார். பொருளைப் பற்றியும் அவர் திட்டமாகச் சொன்னார். உட்பக்கங்களுக்கு இரும்பு ஏற்றதன்று. கல்லோ செங்கல்லோ வைத்து வெள்ளையடித்தால் வெப்பத்தை அறைக்குத் திருப்பும் என்பது அவர் முடிவு.

இம்மாற்றம் விரைவில் வழக்கமாயிற்று. ஜேன் ஆஸ்டினின் நார்த்தாங்கர் அபே நாவலில் பழைய மடாலயத்துக்கு வரும் நாயகி, பெரிய செதுக்குக் கணப்பை எதிர்பார்த்து, ரம்ஃபோர்டு முறையில் சுருக்கப்பட்ட எளிய பளிங்குக் கணப்பைக் கண்டு ஏமாறுகிறாள். அன்றைய வாசகர்களுக்கு அந்த ஏமாற்றத்தின் நகைச்சுவை உடனே விளங்கியிருக்கும்.

புகைக்குழலில் சிறுவர்கள்

சிறிய வாய்க்கும் கரிக்கும் ஏற்றபடி புகைக்குழலும் குறுகியது. பல தளங்களின் குழல்கள் வளைந்து நெளிந்து ஒரே அடுக்கில் மேலேறின. சில 9 அங்குலச் சதுரமே இருந்தன. கரிப்புகை குழலில் தடித்துப் படியும். அதை அகற்றாவிட்டால் குழலே தீப்பற்றும். பெரியவர் நுழைய முடியாத அக்குழல்களில் ஏழைச் சிறுவர்கள் ஏற்றப்பட்டனர். சிக்கி மூச்சுத் திணறி இறந்தோர் பலர். புகைக்கரியால் இத்தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-ல் விளக்கினார். ஒரு தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய முதல் பதிவாக மருத்துவ வரலாறு இதைக் கொள்கிறது.

1788, 1834, 1840 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. 1840-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர் குழலில் ஏறுவதைத் தடுத்தது. எனினும் அது சரிவர நடைமுறைப்படுத்தப்படவில்லை. நீண்ட கழியில் தூரிகை பொருத்திய கருவி இருந்தும், நெளிந்த குழல்களைத் திருத்தும் செலவுக்கு அஞ்சிப் பல வீட்டுக்காரர்கள் சிறுவர்களையே விரும்பினர். 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் குழலில் சிக்கி இறந்த பின்னர், ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அதே ஆண்டில் உறுதியான சட்டம் நிறைவேறியது. பளிங்கு முகப்பின் அழகுக்குப் பின்னால் இருந்த விலையில் இந்த உயிர்களும் அடங்கும்.

வார்ப்பிரும்பு, சிலேட்டு, பீங்கான்

கோல்புரூக்டேலில் ஆபிரகாம் டார்பி 1709-ல் கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கியது வார்ப்பிரும்பை மலிவாக்க வழிவகுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளைந்த வாயும் கூடையும் ஒரே வார்ப்பாக அமைந்த இரும்புக் கணப்புகள் தொழிலாளர் வீடுகளின் படுக்கையறை வரை சென்றன. இரும்பு எரியாது, ஆனால் துருப்பிடிக்கும். கரும்பசை தேய்த்து அதை மெருகேற்றுவது வேலைக்காரப் பெண்களின் அன்றாடச் சுமையாயிற்று.

வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக் கல்லுக்கு எனாமல் பூசிப் பளிங்குபோல் காட்டும் முறையை ஜார்ஜ் மேக்னஸ் பரப்பினார். 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் அது பாராட்டுப் பெற்றது. சிலேட்டு வெப்பத்தைத் தாங்கும், விலையும் குறைவு. கணப்பின் இருபுறமும் மின்டன் ஆலை முதலியவற்றின் வண்ண ஓடுகள் பதிக்கப்பட்டன. வில்லியம் டி மார்கன் மீனும் பறவையும் கப்பலும் தீட்டிய ஓடுகளைச் செய்தார். ஓட்டில் கரி ஒட்டினாலும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஒரு பொருளை மற்றொன்றாகக் காட்டுவதை வில்லியம் மாரிஸ் வட்டத்தினர் எதிர்த்தனர். மாரிஸுக்காகப் பிலிப் வெப் 1859-ல் வடிவமைத்த ரெட் ஹவுஸில் பூச்சில்லாத செங்கல்லே கணப்பின் முகப்பாக நின்றது. செங்கல் செங்கல்லாகவே தெரிய வேண்டும் என்ற இக்கொள்கை பிற்காலத்து வீடுகளிலும் தொடர்ந்தது.

மலைநகரங்களில்

ஆங்கிலேயர் தம் கணப்பைக் குளிர்ந்த மலைகளுக்கும் கொண்டுசென்றனர். உதகமண்டலம், கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா ஆகிய ஊர்களின் பழைய பங்களாக்களில் கணப்புகளையும் கூரைமேல் புகைபோக்கிகளையும் இன்றும் காணலாம். அங்கு எரிந்தது பெரும்பாலும் விறகு. நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டில் யூகலிப்டஸும் சீகை மரமும் நடப்பட்டதற்கு விறகுத் தேவை ஒரு முக்கியக் காரணம். அம்மலைச்சரிவுகளின் புல்வெளிகள் பின்னர் குறைந்ததில் இந்நடவுக்குப் பங்குண்டு.

1952-க்குப் பின்

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைக் கரிப்புகை கலந்த மூடுபனி சூழ்ந்தது. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிடப்பட்டது; பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை என்கின்றன. மின்நிலையங்களோடும் ஆலைகளோடும் வீட்டுக் கணப்புகளும் இதற்குக் காரணம். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் புகையற்ற பகுதிகள் அறிவிக்கப்பட்டன. குழாய்வழி வெப்பமூட்டும் முறை பரவியதும் பல கணப்புகள் பலகையால் மூடப்பட்டன. முகப்புகள் பெயர்த்து எறியப்பட்டன. சில பத்தாண்டுகளில் அதே முகப்புகள் பழம்பொருள் கடைகளில் விலைமதிப்புள்ளவையாகத் திரும்பின.

இன்றைய தேர்வு

நெருப்பு அணைந்த வீட்டில் முகப்பு வெறும் அணியாக நிற்கலாம். நெருப்பு எரியும் வீட்டிலோ பழைய வரிசை இன்றும் செல்லும்: முதலில் எரிபொருள், பிறகு வாயின் அளவு, பிறகு உள்விளிம்பு, கடைசியில் பாணி. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதிகளின்படி, செங்கல் கணப்பின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் முதலிய எரியும் பொருள் வரக்கூடாது. 12 அங்குலத்துக்குள் வருபவை, வாயிலிருந்து விலகும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தில் எட்டிலொரு பங்குக்கு மேல் முன்னே நீட்டக்கூடாது. 8 அங்குலம் தள்ளி நிற்கும் மரச்சட்டம் ஓர் அங்குலம் மட்டுமே நீட்டலாம்.

பொருள்களின் இயல்பும் மாறவில்லை. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் அமிலத்தால் அரிக்கப்படும், புகைக்கறையை உறிஞ்சும். கிரானைட்டும் சிலேட்டும் அவற்றைவிட உறுதியானவை. மரம் செதுக்க எளிது. நெருப்புப் படாவிட்டாலும் நீண்டகால வெப்பத்தில் உலர்ந்து, பற்றிக்கொள்ளும் நிலைக்கு வரும். கண்ணுக்கு முதலில் தெரிவது தூணும் தட்டும் செதுக்குவேலையும். வீட்டைக் காப்பதோ வாயை ஒட்டிய அந்தச் சில அங்குலக் கற்பட்டை.