பாட்டி சொன்ன தேசிங்கு

செஞ்சியில் நான் சிறுவனாய் இருந்த நாளில், திண்ணையிலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்பேன். மஞ்சளைக் குழைத்துப் பூசியவாறே பாட்டி கேட்பார்: “பெரிய தேசிங்கு ராஜா என்று நினைப்போ?” பண்டிகைக்கு இரண்டு சட்டை வேண்டுமென்று அடம் பிடித்தால், “இவர் ஆற்காட்டு நவாபு!” என்பார். வெயில் ஏறியும் பாயை விட்டு எழாவிட்டால், “துரைக்கு இன்னும் பொழுது விடியவில்லை” என்பார். பள்ளிக்கூட வாசலை மிதியாத அந்த மூதாட்டி, எங்கள் ஊரை ஆண்ட மூவரின் வரலாற்றை எனக்குப் பாடம் சொன்னார் என்பதை வெகுகாலம் சென்றே உணர்ந்தேன்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை எங்கள் செஞ்சிக் கோட்டை. 1597-இல் நாயக்கர் ஆட்சியில் இங்கு வந்த இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெண்டா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல் நாட்டின் எந்நகரினும் இது பெரிது என்று வியந்து எழுதினார். 1677-இல் சிவாஜியும், நெடிய முற்றுகைக்குப்பின் 1698-இல் முகலாயரும் இதனைக் கைப்பற்றினர். முகலாயர் சார்பில் கோட்டையைக் காத்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கின் மகன் தேஜ் சிங். அவரே தமிழ் மக்கள் நாவில் தேசிங்கு ஆனார்.

தந்தை விட்டுச்சென்ற கப்பப் பாக்கியை ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்டார். மகன் பணிய மறுத்தார். 1714 அக்டோபரில் நடந்த போரில் தேசிங்கு மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு என்பது வழிவழியாக வரும் செய்தி. திருமணக் கோலத்தில் இருந்த நண்பர் மகபத்கான், தோழனுக்காகப் போர்க்களம் புகுந்து உயிர் நீத்தார் என்று கதைப்பாடல் கூறுகிறது. இந்து மன்னனுக்காக இசுலாமிய நண்பன் உயிர் கொடுத்த அக்கதையைக் கேட்டுக் கண்ணீர் விடாத முதியோர் எங்கள் பக்கத்தில் இல்லை எனலாம். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை அவள் நினைவாக எழுந்த ஊர் என்பர்.

நவாபின் கணக்கில் தேசிங்கு கப்பம் கட்டாத ஒரு சிற்றரசன். மக்கள் பாட்டில் அவர் மாவீரன். பாட்டியின் கேள்வியிலோ வேறொன்று இருந்தது. துணிச்சலைக் கண்ட பெருமிதமும், அத்துணிச்சல் எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருந்தன. ஒருகால், தேசிங்கைப் பெற்றவள் சொல்லியிருக்க வேண்டிய சொல்லைத்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் இத்தனை தலைமுறையாகத் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வந்தார்களோ!

இத்தகைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஊரறிந்த பழங்கதையைப் புதுச்செய்திபோல் ஒருவன் சொல்ல வந்தால், “ஆனி அரசி இறந்துவிட்டாள்” என்று ஆங்கிலக் குடும்பத்துப் பெரியவர்கள் அவனைக் கேலி செய்வது பழைய வழக்கம். அந்த அரசி இறந்தது 1714 ஆகஸ்டில். செஞ்சியில் தேசிங்கு மாண்டதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்னர்! ஒரே ஆண்டில் மறைந்த இருவரும் கடல் கடந்த இரு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத பாட்டிமார்களின் வாயில் புகுந்துகொண்டது வியப்பன்றோ?

தேசிங்கை வென்ற நவாபும் வீட்டுச் சொல்லுக்குத் தப்பவில்லை. 1855-இல் கர்நாடக நவாபுப் பட்டமே ஒழிந்தது. ஆனால் வரவறியாது செலவு செய்பவன் இன்றும் ஆற்காட்டு நவாபுதான். 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தனர். 1947-இல் வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினர். ஆனால் ஏவல் செய்ய ஆளைத் தேடும் சோம்பேறி இன்றும் துரைதான். ஆண்டபோது அஞ்சி வணங்கிய மக்கள், அவர்கள் போனபின் அவர்கள் பெயரையே அகந்தைக்கும் ஆடம்பரத்துக்கும் சோம்பலுக்கும் சூட்டிவிட்டார்கள். தேசிங்கின் பெயரில் மட்டுமே கேலியோடு பாசமும் கலந்திருக்கிறது.

பழமொழிகளைத் தொகுத்துக் காத்தவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். பீட்டர் பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை வெளியிட்டார். டென்மார்க்கு நாட்டு மறைப்பணியாளர் ஹெர்மன் ஜென்சன் 1897-இல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பகுத்து நூலாக்கினார். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலிலும், தந்தை மகனை அழைத்துச் சொல்லும் வீட்டுக் குரலையே நாம் கேட்கிறோம். எனினும் நூலில் ஏறுவது சொல் மட்டுமே. யார், யாரை நோக்கி, எந்தக் காயத்துக்கு மஞ்சள் பூசியவாறு சொன்னார்கள் என்பதை எந்த நூல் காக்கும்?

2025 சூலையில் மராட்டியப் படை அரண்களின் வரிசையில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். இனி அக்கற்களை உலகம் காக்கும். வீட்டுச் சொற்களைக் காக்க வீட்டாரைத் தவிர வேறு யார் உளர்?

பாட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று என்னைத் தேசிங்கு ராஜா என்று அழைக்கும் உரிமை உடையவர் எவரும் இல்லை. சென்ற விடுமுறையில் ராஜகிரிப் படிகளில் என் பேரன் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடினான். என்னை அறியாமலே, “பெரிய தேசிங்கு ராஜா என்று நினைப்போ?” என்று கூவினேன். அவன் நின்று திரும்பி, “யார் தாத்தா அது?” என்று கேட்டான். படியில் அமர்ந்து கதையைத் தொடங்கினேன்.