உள்ளகப் பயிர் வளர்ப்பில் எல்.ஈ.டி. ஒளியளவு

உள்ளகப் பயிர் வளர்ப்பில் எல்.ஈ.டி. ஒளியளவு என்பது, சூரிய ஒளி போதாத அறை, அலமாரி, கூடாரம் போன்ற சிறிய இடங்களில் வளர்க்கப்படும் செடிகளுக்கு எவ்வளவு செயற்கை ஒளி தேவை என்பதையும், அதை அளிக்க எத்தனை வாட்டு விளக்கு வேண்டும் என்பதையும் கணக்கிட்டு முடிவு செய்வதாகும். விளக்கின் பெட்டியில் அச்சிடப்பட்ட வாட்டு எண் இதற்குப் போதிய வழிகாட்டி அன்று. செடியின் இலை மீது ஒவ்வொரு நொடியும் விழும் ஒளியன்களின் எண்ணிக்கையே ஒளிச்சேர்க்கையைத் தீர்மானிக்கிறது.

வரலாறு

கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.ஈ.டி. 1962-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. 1972-இல் கீத் மெக்கிரீ என்பவர் 22 பயிர் வகைகளின் இலைகளை வெவ்வேறு நிற ஒளியில் ஆராய்ந்து, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி பெரும்பாலும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையான அலைநீளங்களில் அடங்குவதைக் காட்டினார். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் சிவப்பு எல்.ஈ.டி.களைக் கொண்டு லெட்டூசுக் கீரை வளர்க்கப்பட்டது. பிரகாசமான நீல எல்.ஈ.டி. 1993-இல் சப்பானில் அறிமுகமானதும், அதனை அடிப்படையாகக் கொண்ட வெள்ளை எல்.ஈ.டி.கள் பின்தொடர்ந்தன. நீல எல்.ஈ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மிகச் சிறிய வளர்ப்பிடத்துக்கு இந்திய எடுத்துக்காட்டும் உண்டு. 2024 திசம்பர் 30 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து பி.எசு.எல்.வி. சி-60 ஏவூர்தியில் சென்ற 'கிராப்சு' என்னும் மூடிய பெட்டியில் எட்டுத் தட்டைப்பயறு (காராமணி) விதைகள் வைக்கப்பட்டிருந்தன. எல்.ஈ.டி. விளக்குகள் நாளொன்றுக்கு 16 மணிநேரம் எரிந்து 8 மணிநேரம் அணைந்தன. நான்கு நாட்களில் விதைகள் முளைத்தன. பின்னர் இலைகளும் விரிந்தன.

அளவைகள்

லூமென், லக்ஸ் ஆகியவை மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டி வகுக்கப்பட்ட அளவைகள். கண் பச்சை ஒளியை மிகுதியாகவும், சிவப்பு, நீல ஒளிகளைக் குறைவாகவும் உணர்கிறது. செடியின் தேவை இதிலிருந்து மாறுபட்டது. ஆகவே பயிர் வளர்ப்பில் கீழ்க்காணும் மூன்று அளவைகள் பயன்படுகின்றன.

ஒளியன் அடர்வு: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடியில் விழும், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியன்களின் அளவு. இது மைக்ரோமோலில் கூறப்படும். நண்பகல் வெயிலில் இது ஏறத்தாழ 2000 ஆகும்.

நாளொளித் தொகை: ஒரு நாள் முழுவதும் ஒரு சதுர மீட்டரில் விழுந்த ஒளியன்களின் மொத்தம். இது மோலில் கூறப்படும். ஒளியன் அடர்வை விளக்கு எரியும் மணிகளாலும் 3600-ஆலும் பெருக்கி, பத்து இலட்சத்தால் வகுத்தால் இது கிடைக்கும்.

ஒளியன் விளைதிறன்: ஒரு சூல் மின்னாற்றலிலிருந்து விளக்கு தரும் ஒளியன்களின் அளவு. நூறு லூமென்/வாட்டு தரும் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. ஏறத்தாழ 1.4 மைக்ரோமோல் தரும். பயிருக்கென்றே தயாரிக்கப்படும் நல்ல விளக்குகள் 2.5-ஐயும் கடக்கின்றன.

பயிர்களுக்கேற்ற ஒளியன் அடர்வு

கீழுள்ளவை பொதுவாகப் பின்பற்றப்படும் தோராய அளவுகள்.

திசு வளர்ப்புக் குப்பிகள்: 40 முதல் 60 வரை
வெந்தயம், கடுகு போன்ற இளந்தளிர்கள்: 100 முதல் 150 வரை
நாற்றுகள்: 100 முதல் 200 வரை
கீரை வகைகள், புதினா, கொத்தமல்லி: 200 முதல் 300 வரை
தக்காளி, மிளகாய் (காய்ப்புப் பருவம்): 400 முதல் 600 வரை

முளைக்கீரை, தண்டுக்கீரை ஆகியன சி-4 வகை ஒளிச்சேர்க்கை கொண்டவை. ஆதலால் இவை கூடுதல் ஒளியையும் பயன்படுத்திக்கொள்ள வல்லவை. லெட்டூசு அவ்வாறன்று. நாளொளித் தொகை 17 மோலைத் தாண்டினால், காற்றோட்டம் குறைந்த இடங்களில் அதன் இளம் இலைகளின் ஓரம் கருகக்கூடும். கொத்தமல்லி நீண்ட நேர ஒளியில் விரைந்து பூக்கும் இயல்புடையது. எனவே அதற்கு 16 மணிநேரத்தை விட 12 மணிநேர ஒளியே ஏற்றது.

கணக்கீடு

இரண்டு அடிக்கு இரண்டு அடி (60 செ.மீ. × 60 செ.மீ.) அலமாரியில் கீரை வளர்ப்பதாகக் கொள்வோம். பரப்பு 0.36 சதுர மீட்டர். தேவையான ஒளியன் அடர்வு 200 எனில், இலைகளின் மீது நொடிக்கு 72 மைக்ரோமோல் விழ வேண்டும். விளக்கின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு பக்கங்களில் வீணாகும் என்று கொண்டால், விளக்கு 90 மைக்ரோமோல் தர வேண்டும்.

விளைதிறன் 2.5 உள்ள விளக்கு எனில் 36 வாட்டு போதும். விளைதிறன் 1.4 உள்ள சாதாரண வெள்ளை விளக்கு எனில் 64 வாட்டு தேவை. அதாவது 900 லூமென் தரும் 9 வாட்டு குமிழ் விளக்குகள் ஏழு வேண்டும். இரண்டு அடி நீளமுள்ள 10 வாட்டு குழல் விளக்குகள் எனில் ஆறு அல்லது ஏழு வேண்டும். நாளுக்கு 16 மணிநேரம் எரிந்தால் நாளொளித் தொகை 11.5 மோல் ஆகும். இரு மாத மின்கட்டணக் காலமான 60 நாட்களில் முதலாவது ஏறத்தாழ 35 யூனிட்டுகளும், இரண்டாவது 61 யூனிட்டுகளும் செலவாக்கும்.

வெள்ளை எல்.ஈ.டி.யின் ஒளியை லக்ஸ்மானியால் அளந்து, கிடைக்கும் எண்ணை 70-ஆல் வகுத்தால் ஒளியன் அடர்வு தோராயமாகத் தெரியும். 14,000 லக்ஸ் என்பது 200-க்குச் சமம். ஊதா நிறமாகத் தோன்றும் சிவப்பு-நீல விளக்குகளுக்கு இந்த வகுஎண் பொருந்தாது. நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து சராசரி காண்பது நன்று.

ஒரகடம் பகுதிச் சூழல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர்-வாலாசாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்-திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடம், வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த சிப்காட் தொழிற்பகுதியாகும். இத்தகைய பகுதிகளில் நெருக்கமாகக் கட்டப்பட்ட வாடகை அறைகளுக்குள் பகலிலும் 300 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருப்பது அரிது. இது ஒளியன் அடர்வில் 4 அல்லது 5 மட்டுமே. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் இவ்வறையில் கீரை விதை முளைக்கும். ஆனால் தண்டு வெளிறி, நீண்டு, சாய்ந்து மடியும்.

மாறாக, ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் உள்ள இப்பகுதியின் மொட்டை மாடியில், தெளிந்த நாளில் நாளொளித் தொகை 40 மோலை நெருங்கும். அதே அளவு ஒளியை ஒரு சதுர மீட்டருக்கு எல்.ஈ.டி. மூலம் தர, விளைதிறன் 2.5 உள்ள விளக்குக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கரை யூனிட் மின்சாரம் தேவை. எனவே மாடியோ முற்றமோ உள்ளவர்களுக்குத் தக்காளி, மிளகாய் போன்றவற்றை விளக்கில் வளர்ப்பது இலாபம் தராது. வெயில் படாத அறை, நாற்று வளர்ப்பு, இளந்தளிர் ஆகியவற்றுக்கே எல்.ஈ.டி. பொருத்தமானது.

வெப்பமும் கருதத்தக்கது. விளக்கு உட்கொள்ளும் மின்னாற்றல் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே அறையில் சேர்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மூடிய அலமாரி எளிதில் சூடேறும். வெப்பம் கூடும்போது எல்.ஈ.டி.யின் ஒளியும் ஆயுளும் குறைகின்றன. கணினியில் பயன்படும் சிறு விசிறி ஒன்றைப் பொருத்துவதும், விளக்கை இரவில் எரியவிட்டுப் பகலில் அணைப்பதும் எளிய தீர்வுகள்.

தேர்வின்போது கவனிக்க வேண்டியவை

விளக்கு உண்மையில் உட்கொள்ளும் வாட்டைப் பார்க்க வேண்டும். சில விற்பனையாளர்கள் '1000 வாட்டு' என்று பெயரிடும் விளக்குகள் உட்கொள்வது அதில் சிறு பங்கே. விளைதிறன் குறிக்கப்படாத விளக்கை 1.4 என்றே கணக்கிடுவது பாதுகாப்பானது.

விளக்கைச் செடியின் நுனியிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்த வேண்டும். பக்கங்களுக்கு வெள்ளை வண்ணம் பூசினால் வீணாகும் ஒளி குறையும்.

தண்டு மெலிந்து நீள்வது ஒளிக் குறைவின் அடையாளம். மேலிலைகள் மட்டும் வெளுத்தோ சுருண்டோ போவது ஒளி மிகுதியின் அடையாளம். அப்போது விளக்கை உயர்த்தினால் போதும்.

பிரகாசமான நீல ஒளி கண்ணுக்குத் தீங்கு தரக்கூடும் என்பதால் எரியும் விளக்கை நேராக உற்றுப் பார்க்கலாகாது. நீர் தெளிக்கும் இடமாதலால் மின்னிணைப்புகள் ஈரம் படாத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

ஒளிச்சேர்க்கை
நீரியல் வளர்ப்பு
திசு வளர்ப்பு
மாடித் தோட்டம்
ஒரகடம்