இதயச் செயலிழப்பும் உடற்பயிற்சி மறுவாழ்வும்: வரலாறு

இதயச் செயலிழப்பு என்பது உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தைச் செலுத்த இதயத்தால் இயலாத நிலையாகும். நிலை சீரான நோயாளிகளுக்கு நடை, மிதிவண்டி, தசை வலுவூட்டல் ஆகிய பயிற்சிகளைக் கண்காணிப்புடன் அளிப்பது இன்று ஏற்கப்பட்ட மருத்துவமுறை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஓய்வே இவர்களுக்கு மருந்தாகக் கருதப்பட்டது.

படுக்கை ஓய்வுக் காலம்

நலிந்த இதயத்திற்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது அக்கால மருத்துவர்களின் கருத்து. மாரடைப்பு வந்தவர்களும் வாரக்கணக்கில் படுக்கையில் வைக்கப்பட்டனர். 1952இல் அமெரிக்க மருத்துவர்கள் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் ஆகியோர் மாரடைப்பு நோயாளிகளைத் தொடக்கத்திலேயே நாற்காலியில் அமர்த்தலாம் எனக் காட்டினர். எனினும், இதயச் செயலிழப்பில் பழைய வழக்கம் நீடித்தது. நியூ ஓர்லியன்சு நகர மருத்துவர் ஜார்ஜ் பர்ச், இதயம் பெருத்தவர்களுக்கு 1960களிலும் மாதக்கணக்கான படுக்கை ஓய்வைப் பரிந்துரைத்தார்.

ஓய்வே தீங்கானது

1966இல் டல்லஸ் நகரில் நலமான இளைஞர் ஐவர் 20 நாட்கள் படுக்கையில் வைக்கப்பட்டனர். அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிசன் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. நலமானவர்களுக்கே இந்நிலை என்றால், நோயாளிகளின் களைப்பில் ஒரு பங்கு ஓய்வினாலேயே வந்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தது.

இதயத்தின் இறைப்புத் திறனும் நோயாளியின் நடக்கும் திறனும் ஒத்துப்போவதில்லை என்பது 1980களில் தெளிவானது. 1988இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில மாதப் பயிற்சிக்குப் பின் நோயாளிகளின் உடல் திறன் கூடியதைக் கண்டனர். இம்முன்னேற்றத்தில் கால் தசைகளில் ஏற்பட்ட மாற்றங்களுக்கும் பங்கிருந்தது. 1990இல் ஆன்ட்ரூ கோட்சு குழுவினர், வீட்டில் மிதிவண்டிப் பயிற்சி செய்த நோயாளிகளிடமும் முன்னேற்றத்தைப் பதிவு செய்தனர்.

பெரிய ஆய்வுகள்

2,331 பேர் பங்கேற்ற எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வு 2009இல் வெளியானது. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சிறிதளவே குறைந்தன. முதன்மைப் பகுப்பாய்வில் அக்குறைவு உறுதிப்படவில்லை. ஆனால் பயிற்சி பாதுகாப்பானது என்பது நிலைநாட்டப்பட்டது. 2014இல் அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீடு, இறைப்புத் திறன் குறைந்த நோயாளிகளுக்கு இம்மறுவாழ்வுச் செலவை ஏற்றது.

2021இல் வெளியான மற்றோர் ஆய்வில், 60 வயதைக் கடந்த 349 நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே இயன்முறைப் பயிற்சி தொடங்கப்பட்டது. சமநிலை, வலிமை, நடமாட்டம், தாக்குப்பிடிக்கும் திறன் ஆகியவற்றுக்கான இப்பயிற்சியால் அவர்களின் உடல் இயக்கம் மேம்பட்டது. மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

சான்றுகள் சேர்ந்த பின்னரும், தகுதியுள்ள நோயாளிகளில் சிறு பகுதியினரே இப்பயிற்சியைப் பெறுகின்றனர்.