நெஞ்சில் ஒரு படகு: அமெரிக்கக் கடற்படையின் ஸ்விக் சின்னம்

ஸ்விக் சின்னம் என்பது அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் போர்ப் படகுகளை இயக்கும் வீரர்கள், பயிற்சியில் தேறிய பிறகு சீருடையின் இடது நெஞ்சில் அணியும் உலோகச் சின்னம். இந்தப் படகுக் குழுவினரின் நீண்ட ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரித்ததில் பிறந்ததுதான் 'ஸ்விக்' என்ற சொல். 2001இல் அங்கீகாரம் பெற்ற முதல் சின்னத்தில், அலையைக் கிழித்துக்கொண்டு வரும் 'மார்க் ஃபைவ்' என்ற அதிவேகப் படகின் அணியம் (முன்பகுதி) இருந்தது. அதன் அடியில் கடலோடிகளின் வளைந்த வாளும், சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் பழங்காலக் கைத்துப்பாக்கியும் குறுக்காகப் பொறிக்கப்பட்டிருந்தன. வாளும் துப்பாக்கியும் எதிரிக் கப்பலோடு தன் கப்பலை அணைத்து ஏறிச் சண்டையிட்ட காலத்தின் மிச்சம். படகு அந்தச் சின்னம் பிறந்த காலத்துக்குரியது.

அதே கடற்படையின் 'சீல்' சிறப்புப் படை வீரர்களை உலகம் அறியும். அவர்களைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் குவிந்து கிடக்கின்றன. நள்ளிரவில் அவர்களைக் கரைக்குக் கொண்டுபோய் இறக்கி, சுடப்பட்டால் திருப்பிச் சுட்டு, வேலை முடிந்ததும் அழைத்து வருபவர்கள் யார் என்று கேட்டவர்கள் குறைவு. படகோட்டுவது ஓர் எடுபிடி வேலை என்ற எண்ணம் கடற்படைக்குள்ளேயே வெகுகாலம் இருந்தது. அது தனித்த தொழில், தனித்த தேர்ச்சி என்று நிறுவனமே ஒப்புக்கொண்டதன் அடையாளமாகத்தான் இந்தச் சின்னத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலின் வேரை இரண்டாம் உலகப் போரின் டார்பிடோ படகுகளில் தேடுவது வழக்கம். 1942 மார்ச்சில், பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவில் சிக்கியிருந்த அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தரையும் அவர் குடும்பத்தையும் ஜப்பானியக் கப்பல்களுக்கு நடுவே சுமார் 900 கிலோமீட்டர் கடத்திக் கொண்டுவந்து மிண்டனாவோவில் சேர்த்தவை ஜான் பல்க்லியின் தலைமையிலான மரப் படகுகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சாலமன் தீவுகளருகே ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று மோதிப் பிளந்த பிடி-109 படகின் தலைவர் ஜான் கென்னடி. பின்னாளில் அவர் அமெரிக்க அதிபரானதால் அந்தப் படகின் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் இன்றைய ஸ்விக் வீரரின் நேரடி மூதாதையைக் காண வியட்நாமின் மீகாங் கழிமுகத்துக்குத்தான் போக வேண்டும். 1965 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை அங்கே 'கேம் வார்டன்' என்ற ஆற்று ரோந்து நடவடிக்கையைத் தொடங்கியது. அதற்குப் பயன்பட்டவை சுமார் 31 அடி நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் படகுகள். இவற்றுக்குச் சுழல் விசிறி கிடையாது. குளியல் தொட்டிகளுக்குப் பேர்போன ஜக்கூசி நிறுவனத்தின் வாட்டர் ஜெட் பம்புகள் நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சியடிக்க, படகு முன்னால் பாயும். அதனால் இரண்டடி ஆழமே உள்ள வாய்க்காலிலும் அவை நுழைந்தன, நின்ற இடத்திலேயே திரும்பின.

ஒரு படகுக்கு நான்கு பேர். தலைவர் பெரும்பாலும் அதிகாரி அல்ல, அனுபவமுள்ள முதல்நிலைக் கடலோடி. துப்பாக்கிக்கு ஒருவர், என்ஜினுக்கு ஒருவர், மற்ற வேலைகளுக்கு ஒருவர் என்று கணக்கு இருந்தாலும், நால்வரும் நால்வர் வேலையையும் கற்றிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மேர் தீவில் இருந்த பயிற்சி மையம் அதை வலியுறுத்தியது. சுக்கான் பிடித்தவர் குண்டடிபட்டு விழுந்தால் அந்த நொடியே இன்னொருவர் கை சுக்கானில் இருக்க வேண்டும் என்பது அங்கே பாடம் அல்ல, அன்றாடம்.

ஜேம்ஸ் எலியட் வில்லியம்ஸின் கதை இந்தப் படகுகளுக்கே உரியது. தென் கரோலினாவைச் சேர்ந்த இவர் 1966 அக்டோபர் 31 அன்று இரண்டு படகுகளுடன் ரோந்தில் இருந்தார். சம்பான் எனப்படும் இரண்டு நாட்டுப் படகுகளிலிருந்து சூடு வந்தது. ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் துரத்திக்கொண்டு கால்வாய்க்குள் திரும்பியவர், எதிரிப் படகுகள் கூட்டமாக நின்ற இடத்தில் நேராகப் போய்ச் சேர்ந்தார். இரு கரைகளிலிருந்தும் சூடு. பின்வாங்க நேரமில்லை, வேகத்தைக் கூட்டி நடுவே பாய்ந்தார். ஹெலிகாப்டர்களின் துணையோடு மூன்று மணி நேரம் நீடித்த அந்த மோதலில் 65 எதிரிப் படகுகள் அழிந்தன. நாட்டின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையின் அதிகாரி அல்லாத வீரர்களிலேயே மிக அதிகமான விருதுகள் பெற்றவர் என்று அவரைச் சொல்வார்கள். ஒரு நாசகாரிக் கப்பல் இன்று அவர் பெயரைத் தாங்கி ஓடுகிறது. அவர் காலத்தில் ஸ்விக் சின்னம் என்று ஒன்று இல்லை.

போர் முடிந்ததும் ஆற்றுப் படகுகளும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் கலைந்துபோனார்கள். 1964இல் கலிஃபோர்னியாவின் கொரொனாடோவில் தொடங்கிய படகு ஆதரவுப் பிரிவு, 1971இல் கடலோர ஆற்றுப் படையணி என்றும், 1979இல் சிறப்புப் படகுப் பிரிவு என்றும் பெயர் மாறிப் பிழைத்திருந்தது. பெரிய குறை ஆட்களில் இருந்தது. என்ஜின்காரர், துப்பாக்கிக்காரர், மாலுமி என்று கப்பல்களிலிருந்து இரவல் வாங்கப்பட்டவர்கள் இரண்டு மூன்று ஆண்டு பணியாற்றிவிட்டுத் தங்கள் கப்பலுக்கே திரும்பிவிடுவார்கள். இருட்டில் விளக்கில்லாமல் நாற்பது நாட் வேகத்தில் படகு ஓட்டும் கை பழகி வரும் நேரத்தில் அந்தக் கையே போய்விடும். புதியவருக்கு மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். 1987, 88 ஆண்டுகளில் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல்களைக் காக்க 'ஹெர்குலிஸ்', 'விம்பிரவுன் ஏழு' என்ற இரண்டு மிதவைத் தளங்களிலிருந்து இயங்கிய ரோந்துப் படகுகளில் இருந்தவர்களும் இப்படிச் சேர்ந்தவர்களே. அவர்கள் திறமையில் குறை சொல்ல இடமில்லை. அந்தத் திறமையைச் சேர்த்துவைக்க நிறுவனத்திடம் வழி இல்லாததுதான் குறை.

1987 ஏப்ரலில் கடற்படைச் சிறப்புப் போர்க் கட்டளையகம் உருவானது. 1990களில் படகுக் குழுவினருக்கெனத் தனிப் பயிற்சி வந்தது. 2001இல் சின்னம். 2006 அக்டோபரில் 'சிறப்புப் படகு இயக்குநர்' என்ற தனிப் பணிப்பிரிவு பிறந்தது. அன்று முதல் ஒருவர் படகுக்காரராகச் சேர்ந்து, படகுக்காரராகவே பதவி உயர்ந்து, படகுக்காரராகவே ஓய்வு பெறலாம். உலோகச் சின்னத்தைவிட இந்த நிர்வாக மாற்றம்தான் பெரிது என்று வாதிடலாம். இரண்டும் ஒரே விருப்பத்தின் இரு கட்டங்கள்.

இனி சின்னத்தைப் பெறும் வழி. கடற்படையில் சேருகிற எல்லோரையும் போலவே இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் முகாமில் தொடக்கப் பயிற்சி. அதற்கும் முன்பே உடல் தகுதித் தேர்வு உண்டு. 500 கஜ தூரத்தை (சுமார் 457 மீட்டர்) மார்பு நீச்சலிலோ பக்க நீச்சலிலோ 13 நிமிடங்களுக்குள் கடக்க வேண்டும். பிறகு இரண்டிரண்டு நிமிடங்களில் தண்டால், வயிற்றுப் பயிற்சி. கம்பியில் தொங்கி எழும்புதல். கடைசியில் ஒன்றரை மைல் ஓட்டம். இவை வாசலைத் தாண்டுவதற்கான அளவு மட்டுமே. இந்த மதிப்பெண்ணோடு உள்ளே போகிறவர் பெரும்பாலும் நிலைப்பதில்லை என்று பயிற்சியாளர்களே எச்சரிப்பார்கள்.

அடுத்து கொரொனாடோ. சான் டியாகோ நகரத்துக்கு எதிரே உள்ள இந்தக் கடற்கரையில்தான் சீல் மாணவர்களும் பயில்கிறார்கள். பசிபிக்கின் நீர் கோடையிலும் குளிரும். முதல் கட்டம் தேர்வுப் பயிற்சி: நீச்சல், ஓட்டம், நீருக்கடியில் முடிச்சுப் போடுதல், கை கால் கட்டிய நிலையில் மிதத்தல், படகைத் தலையில் சுமத்தல். எந்த நேரத்திலும் மாணவர் தானே விலகிக்கொள்ளலாம். பலர் விலகுகிறார்கள். இந்தக் கட்டத்தின் முடிவில் 'டூர்' என்று சாதாரணமாகப் பெயரிடப்பட்ட ஒரு சோதனை வருகிறது. இரண்டு நாளுக்கும் மேல், தூக்கம் மறுக்கப்பட்டு, நனைந்த உடையோடு, நீந்தியும் துடுப்பு வலித்தும் வழி கண்டுபிடித்தும் குழுவாகத் திரும்பி வர வேண்டும். உடலின் வலுவை அளப்பது இதன் முதல் நோக்கம் அல்ல. மூளை சோர்ந்த பிறகு ஒருவர் தன் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறாரா, தன்னை மட்டும் பார்க்கிறாரா என்பதைத்தான் பயிற்சியாளர்கள் கவனிக்கிறார்கள்.

தேறியவர்களுக்கு இதன் பிறகுதான் தொழில் தொடங்குகிறது. அடிப்படைப் பயிற்சி, அதன்பின் தகுதிப் பயிற்சி என்று பல மாதங்கள் நீளும் இந்தப் பகுதியில் வாரக் கணக்கு காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. பாடம் அவ்வளவாக மாறவில்லை. கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடிட்டு வழி காண்பது, கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவிலிருந்து குறித்த நிமிடத்துக்குக் குறித்த இடத்தை அடைவது, கனரக இயந்திரத் துப்பாக்கியை ஆடும் படகிலிருந்து குறி தவறாமல் இயக்குவது, வானொலித் தொடர்பு, டீசல் என்ஜினைப் பிரித்துப் பூட்டுவது, குண்டடி பட்டவருக்கு முதலுதவி. எதிரியிடம் சிக்கினால் தாக்குப்பிடிக்கவும் தப்பிக்கவும் தனிப் பயிற்சி. பாராசூட் பயிற்சியும் உண்டு, ஏனெனில் படகே சில சமயம் வானிலிருந்து வருகிறது. சரக்கு விமானத்தின் வாலிலிருந்து படகைப் பாராசூட்டுகளோடு கடலில் தள்ளிவிட்டு, குழுவினர் அதன் பின்னாலேயே குதித்து, நீந்திப் போய் ஏறி, என்ஜினை முடுக்குவார்கள். வியட்நாம் காலத்து விதி இங்கும் நடக்கிறது: எந்த இருக்கையிலும் யாரும் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த நாளில் சின்னம் குத்தப்படுகிறது. புதியவர் மூன்று படகு அணிகளில் ஒன்றில் சேருகிறார். 12ஆம் அணி கொரொனாடோவில், 20ஆம் அணி வர்ஜீனியாவின் லிட்டில் கிரீக்கில், இரண்டும் கடலுக்கானவை. 22ஆம் அணி மிசிசிப்பியில், ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் ஸ்டென்னிஸ் விண்வெளி மையத்தின் வளாகத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் பேர்ல் ஆறும் சதுப்பு நிலங்களும் அதன் பள்ளிக்கூடம். ஆற்றுப் போர் இதன் தனித்துறை. இதன் 33 அடிப் படகில் இரண்டு டீசல் என்ஜின்கள், வாட்டர் ஜெட், எல்லாப் பக்கமும் துப்பாக்கி நிலைகள். ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிச் செல்லலாம். 2012இல் வெளிவந்த 'ஆக்ட் ஆஃப் வேலர்' திரைப்படத்தில் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க மழைபோலச் சுட்டபடி வரும் படகுகள் இவையே. ஓட்டியவர்கள் நடிகர்கள் அல்ல, பணியில் இருந்த படகுக் குழுவினர்.

கடல் அணிகளின் கதையில் 2003 மார்ச் 20 ஒரு முக்கிய இரவு. ஈராக் போரின் தொடக்கத்தில், வளைகுடாவின் வடகோடியில் உள்ள மினா அல் பக்ர், கோர் அல் அமாயா எண்ணெய் ஏற்றுமதி மேடைகளைச் சேதமில்லாமல் கைப்பற்ற வேண்டியிருந்தது. அவை தகர்க்கப்பட்டால் கடல் முழுக்க எண்ணெய். சீல் வீரர்களும் போலந்தின் க்ரோம் சிறப்புப் படையினரும் அவற்றில் ஏறினார்கள். அவர்களை மேடையின் அடிக்குச் சத்தமில்லாமல் கொண்டு சேர்த்தவை சிறப்புப் படகு அணிகளின் படகுகள்.

சின்னத்தின் விலை உடலில் எழுதப்படுகிறது. ஐம்பது நாட் வேகத்தில் ஓடும் படகு அலையின் உச்சியிலிருந்து வெறும் காற்றில் எகிறி, அடுத்த அலையின் மேல் கல்லில் விழுவதுபோல் விழும். அந்த அடி படகின் அடித்தட்டிலிருந்து முதுகுத்தண்டு வழியே கழுத்துக்கு ஏறுகிறது. ஒரே இரவில் இப்படி ஆயிரக்கணக்கான அடிகள். கடற்படையின் சுகாதார ஆய்வு மையம் 2000இல் வெளியிட்ட ஆய்வில் கேள்விக்குப் பதிலளித்த 154 படகு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பணியில் காயம் பட்டதாகச் சொன்னார்கள். கீழ் முதுகு முதலிடம். பிறகு முழங்கால், தோள். எதிரியின் குண்டைவிடத் தண்ணீரின் அடியே இவர்களை அதிகம் முடக்கியிருக்கிறது. அதனால்தான் அதிர்வை உறிஞ்சும் இருக்கைகள் வந்தன. 2008இல் மெய்ன் மாநிலத்தில் ஹாட்ஜ்டன் படகுத் துறையில், மார்க் ஃபைவின் வடிவத்தைக் கார்பன் இழையில் வார்த்து 'மேகோ' என்ற சோதனைப் படகை மிதக்கவிட்டார்கள். அடியை உலோகத்தைவிட அது நன்றாகத் தாங்கிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. இந்த ஆய்வுகளுக்குச் செலவிட்ட பணத்தைக் கடற்படையின் நல்ல செலவுகளில் ஒன்றாகவே கருத வேண்டும். சின்னம் தரும் நிறுவனத்துக்கு அதை அணிபவரின் முதுகெலும்பைக் காக்கும் கடமையும் உண்டு.

82 அடி மார்க் ஃபைவ் 2010களில் ஓய்வு பெற்றது. அதைத் தொடர்ந்து 41 அடி, 60 அடிப் புதிய படகுகள் வந்தன. 2016இல் சின்னமும் மாறி, அடிப்படை, முதுநிலை, தலைமை என்று மூன்று படிகளாயிற்று. பயிற்சி முடித்தவுடன் கிடைப்பது முதலாவது மட்டும். மற்ற இரண்டும் பணியாண்டுகளாலும் கூடுதல் தேர்ச்சிகளாலும் ஈட்டப்படுபவை. இரவல் ஆட்களாக வந்து போனவர்களின் காலத்தில் இப்படி ஓர் ஏணிக்கு இடமே இருந்திருக்காது. ஏற யாரும் தங்கியிருக்க மாட்டார்கள்.

அதே 2016இல் அமெரிக்கப் படைகளின் எல்லாப் போர்ப் பணிகளும் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. 2021 ஜூலையில் கொரொனாடோவில் ஸ்விக் பயிற்சியை முடித்த 17 பேரில் ஒருவர் பெண். கடற்படைச் சிறப்புப் போர்ப் பயிற்சியை முழுதாக முடித்த முதல் பெண் அவர். சிறப்புப் படையினரின் அடையாளத்தைக் காக்கும் வழக்கப்படி கடற்படை அவர் பெயரை வெளியிடவில்லை. மற்ற பதினாறு பேருக்குக் குத்திய அதே சின்னம் அவருக்கும் குத்தப்பட்டது.