செவ்வாயில் ஒரு கால்வாய்

1877-ஆம் ஆண்டில் செவ்வாய்க் கிரகம் பூமியை மிகவும் நெருங்கி வந்தது. வானசாஸ்திரிகளின் கணக்கில்தான் அது நெருக்கம். தூரம் என்னவோ சுமார் 3½ கோடி மைல்! அச்சமயம் இத்தாலியில், மிலான் நகரத்து வான ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் ஸ்கியாபரெல்லி, தொலைநோக்கியில் பார்த்துச் செவ்வாயின் படத்தை வரைந்தார். அதில் கண்ட மெல்லிய கோடுகளுக்கு 'கனாலி' என்று பெயரிட்டார். இத்தாலிய மொழியில் அந்தச் சொல் இயற்கையான நீரோடையையும் குறிக்கும். மனிதன் வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போனபோது கால்வாயே நிலைத்துவிட்டது. சூயஸ் கால்வாய் திறந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கால்வாய் என்றால் வெட்டியவர் யார் என்று கேட்கமாட்டார்களா?

விடை சொல்ல வந்தவர் பெர்சிவல் லோவல். பாஸ்டன் நகரத்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1894-இல் அரிஸோனாவில் சொந்தப் பணத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் கட்டினார். இரவெல்லாம் பார்த்து நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்தார். செவ்வாய் வறண்டுகொண்டு வரும் உலகம். அங்குள்ள அறிவாளிகள் துருவத்துப் பனிநீரைப் பாலைவனம் தாண்டிக் கொண்டுவந்து பயிர் செய்கிறார்கள். கிரகம் முழுவதற்கும் ஒரே நீர்ப்பாசனம் என்றால் அங்கே போர் ஒழிந்திருக்க வேண்டும் என்றார். கதை எழுதிப் பிழைக்கிற எங்களுக்கு இப்படியொரு கற்பனை எளிதில் வாய்ப்பதில்லை.

ஜனங்கள் மயங்கினார்கள். 1900-இல் பாரிஸில், வேற்றுக் கிரகத்தாரோடு செய்தி பரிமாறுகிறவருக்கு 1 லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தார்கள். செவ்வாயோடு பேசினால் மட்டும் பரிசு கிடையாது. அது மிகவும் சுலபமாம்!

கிரீனிச் வானசாஸ்திரி மாண்டர் மட்டும் மயங்கவில்லை. பள்ளிப் பையன்களை வெவ்வேறு தூரத்தில் உட்கார வைத்து, செவ்வாயின் படம் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார். படத்தில் புள்ளிகளும் திட்டுகளும் உண்டே தவிர, கால்வாய் கிடையாது. ஆனால் சற்றுத் தள்ளி இருந்த பையன்கள் பலர் கோடுகளை வரைந்துவிட்டார்கள்! தெளிவாகத் தெரியாத புள்ளிகளை மனம் கோடாகச் சேர்த்துக்கொள்கிறது. 1903-இல் வெளியான இந்தச் சோதனையை லோவல் ஏற்கவில்லை. 1909-இல் பாரிஸுக்கு அருகே பெரிய தொலைநோக்கியில் அண்டோனியாடி பார்த்தபோது, கோடுகள் திட்டுத் திட்டாகப் பிரிந்தன. அப்போதும் அவர் மாறவில்லை, 1916-இல் காலமானார். 1965-இல் மாரினர்-4 விண்கலம் படம் எடுத்து அனுப்பியது. வாய்க்கால் இல்லை, வயல் இல்லை; சந்திரனில் இருப்பதைப் போன்ற பள்ளங்கள்தாம்.

லோவலைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் வரைந்தார். இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் நமக்கு ஒரு துணை வேண்டும் என்ற ஆசை அவர் கண்ணுக்குள் இருந்தது. அந்த ஆசை நம் யாருக்குத்தான் இல்லை?

ஒரு வேடிக்கை பாருங்கள். செவ்வாயில் ஒரு காலத்தில் ஆறுகள் உண்மையாகவே ஓடியிருக்கின்றன. ஸ்கியாபரெல்லி கண்ட கோடுகள் மட்டும் அவை அல்ல. அப்படியோர் ஆறு ஏரியில் கலந்த இடத்தில் 2021-இல் ஓர் ஊர்தி இறங்கிப் பாறைகளைத் துளைத்தது. அது தேடியது கால்வாய் வெட்டிய மேதைகளை அல்ல. நுண்ணுயிரின் பழைய சுவட்டை. என்றாவது ஒருநாள் 'கண்டோம்' என்று செய்தி வரலாம். அப்போது மகிழ்வதற்கு முன்னால், அந்தப் பள்ளிப் பையன்களை நினைத்துக்கொண்டு, படத்திலிருந்து நாம் எத்தனை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.