வாளும் ஞானஸ்நானமும்

கி.பி. 772ஆம் ஆண்டில் பிராங்கிய மன்னன் சார்லமேன் சாக்சானியர் நாட்டின்மீது படையெடுத்து, அம்மக்கள் தெய்வமெனப் போற்றிய இர்மின்சூல் என்னும் ஸ்தம்பத்தை வீழ்த்தியது தொட்டு, 804 வரை ஓய்ந்தும் மூண்டும் நடந்த யுத்தத்தில், ராஜ்ய விஸ்தரிப்பு எங்கே முடிந்தது, மதப் பிரசாரம் எங்கே தொடங்கியது என்று பிரித்துரைத்தல் எளிதன்று. 782இல் வெர்டன் என்னுமிடத்தில், கலகக்காரரென ஒப்படைக்கப்பட்ட 4,500 பேர் ஒரே நாளில் சிரச்சேதம் செய்யப்பட்டனர் என்று அரசவையின் ஆண்டுக்குறிப்பே கூறுகிறது. தொகை மிகையென்று வாதிப்போர் உண்டு, ஆயினும் அதை எழுதியவர்கள் மன்னனின் பகைவரல்லர். அக்காலத்தை ஒட்டிப் பிறந்த சட்டமோ, ஞானஸ்நானம் பெறாது ஒளிந்திருப்பவனுக்கும், கிறிஸ்தவத்தை இகழ்ந்து தவக்காலத்தில் மாமிசம் உண்பவனுக்கும் மரணத்தையே விதித்தது. 785இல் சாக்சானியத் தலைவன் விடுகின்ட் பணிந்து ஞானஸ்நானம் பெற்றபோது, அவனை வென்ற மன்னனே ஞானத்தந்தையாக நின்றான்!

இதற்கு எதிர்க்குரல் எழுந்தது புறச்சமயத்தாரிடமிருந்து அன்று. யார்க் நகரத்தவரும் மன்னனின் அவைப் பண்டிதருமான அல்குயினிடமிருந்தே எழுந்தது. விசுவாசம் இச்சையால் விளைவதேயன்றி நிர்ப்பந்தத்தால் விளைவதன்று, நீரில் இறங்கும்படி ஒருவனைப் பலவந்தப்படுத்தலாம், நம்பும்படி பலவந்தப்படுத்த இயலாது என்ற கருத்தை 796இல் அவர் கடிதங்களில் வற்புறுத்தியதோடு, உபதேசத்திற்கு முன்பே தசமபாக வரியை வசூலித்ததுதான் சாக்சானியரின் பக்தியைக் கெடுத்தது என்றும் குறை கூறினார். போரை அவர் கண்டிக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. 797ஆம் ஆண்டுச் சட்டம் பல குற்றங்களுக்கு மரணத்துக்குப் பதிலாக அபராதத்தை வைத்தது. ஆயினும் 804இல், எல்பா நதிக்கு அப்பால் வாழ்ந்த சாக்சானியர் மனைவி மக்களோடு பெயர்த்தெடுக்கப்பட்டு, பிராங்கிய நாட்டில் சிதறிக் குடியேற்றப்பட்டனர்.