தொடையில் தேட வேண்டிய நாடி

34 வயது. பெருந்தமனி குறுகிப் பிறந்து, குழந்தைப் பருவத்தைத் தாண்டி, அறுவை சிகிச்சை இல்லாமலே வாழ்ந்தவர்கள் இறந்த சராசரி வயது. இங்கிலாந்தின் இதய மருத்துவர் மாரிஸ் கேம்பெல் 1970இல் போட்ட கணக்கு இது. அவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் இறந்தது மூளை ரத்தக்கசிவால்.

பழுது நெஞ்சுக்குள், வெடிப்பது தலையில். எப்படி?

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, தலைக்கும் கைகளுக்கும் கிளை பிரிந்து கீழே இறங்கும் இடத்தில் குறுகியிருக்கும். மேலே அழுத்தம் ஏறும், கீழே குறையும். இதில் சிறுநீரகம் பண்ணும் வேலைதான் கொடுமை. தனக்கு வரும் ரத்தம் குறைவதைப் பார்த்து, உடம்பு முழுக்கவே அழுத்தம் போதவில்லை என்று முடிவுகட்டி ரெனினைச் சுரக்கும். அழுத்தம் இன்னும் ஏறும். தப்பான இடத்தில் மாட்டிய சென்சாரை நம்பி மோட்டாரை ஓடவிடுகிற மாதிரி. இவர்களின் மூளைத் தமனிகளில் பலூன் போன்ற சிறு வீக்கங்களும் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகின்றன. அதில் ஒன்று வெடிக்கும் நாள்வரை ஆள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கலாம்.

பதுவாவின் மோர்காக்னி 1760இல் ஒரு துறவியின் உடலை அறுத்தபோது இந்தக் குறுகலைப் பார்த்தார். அதன்பின் வெகுகாலம் இது பிணவறையில் தெரியவரும் நோயாகத்தான் இருந்தது. மாட் அபட், பெண் என்பதால் மெக்கில் பல்கலைக்கழகம் மருத்துவம் படிக்கச் சேர்த்துக்கொள்ளாதவர். பிறகு அதே மெக்கிலின் மருத்துவ அருங்காட்சியகத்தைக் கட்டிக் காத்தார் (இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் கோபம் வரத்தான் செய்கிறது). 1928இல், இரண்டு வயதைத் தாண்டிய 200 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி அவர் வெளியிட்டார். மூளை ரத்தக்கசிவும் அந்தச் சாவுகளின் காரணங்களில் ஒன்று.

பதினாறே வருடங்களில் நிலைமை மாறியது. 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், 12 வயதுப் பையனின் பெருந்தமனியில் குறுகிய துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் தைத்தார். அடுத்த வருடம் பாஸ்டனில் ராபர்ட் கிராஸும் செய்தார்.

ஆனால் வெட்டித் தைக்க, முதலில் கண்டுபிடிக்கணுமே. இருபத்தைந்து வயசுக்காரருக்கு பிபி ஏறினால் டென்ஷன், தூக்கமில்லை, உப்பு என்று சொல்லி மாத்திரையோடு அனுப்பிவிடுவது சுலபம். கையில் மட்டும் அளந்தால் காரணம் தெரியாது. மணிக்கட்டில் ஒரு விரல், தொடையிடுக்கில் ஒரு விரல் வைத்துப் பார்த்தால், தொடை நாடி மெலிந்தோ தாமதித்தோ வரும். செலவில்லாத, அரை நிமிடச் சோதனை.

சிறுவயதிலேயே சரிசெய்துகொண்டவர்களிலும் பலருக்கு வளர்ந்த பிறகு அழுத்தம் ஏறுகிறது. சிலருக்குத் தைத்த இடமே மறுபடி குறுகுகிறது. அதனால் தழும்போடு வருபவருக்கும் கையில் ஒருமுறை, காலில் ஒருமுறை அளக்கிறார்கள்.